முதல் ஆண்டு மாணவரும் கல்லூரிப் பாடற்குழுவும்

(பங்கின் பொன்விழாவையொட்டி நடைபெற்ற மாணவர் நாளன்று, இவ்வாண்டு கல்லூரியில் சேரும் பிள்ளைகளுக்கும் அவர்தம் பெற்றோருக்கும் பங்குத்தந்தை ஆற்றிய உரை)



மாணவர் நாள் என்றால் பங்குச் சாமியார் ஒழுக்கத்தைப் பற்றிப் பேசுவார், அரை மணி நேரம் பொறுத்துக்கொண்டால் தேநீர் கிடைக்கும் என்று எண்ணி வந்திருப்பீர்கள். தேநீர் உண்டு. பேச்சு மட்டும் வேறு. பாட்டைப் பற்றி, அதிலும் கல்லூரியில் முதல் ஆண்டில் சேரும் ஒரு பிள்ளை அங்குள்ள பாடற்குழுவிலோ இசைக்குழுவிலோ சேருவதைப் பற்றி இன்று பேசலாமென்றிருக்கிறோம். இதென்ன பெரிய பொருளா என்று சிலர் நினைக்கலாம். நம் பங்கில் இந்த மே மாதம் முழுவதும் வீட்டுக்கு வீடு நடந்துகொண்டிருக்கும் வழக்கே இதுதான். ஞாயிறு பூசை முடிந்து வெளியே வந்தால் ஒரு தாயார் வழி மறிக்கிறார்: "சாமி, காலேஜுக்குப் போனதும் பாட்டுக் குழுவுல சேரப் போறானாம். நாங்க கடன் வாங்கி பீஸ் கட்டுறது இவன் பாட்டுப் பாடவா?" அவருக்குப் பின்னால் பையன் தலையைக் குனிந்துகொண்டு நிற்கிறான். இருவர் பக்கமும் நியாயம் இருக்கிறது. அதனால்தான் இதைக் கோவில் வாசலில் இரண்டு வார்த்தையில் முடிக்காமல், எல்லோரையும் உட்கார வைத்துப் பேசுகிறோம்.

கல்லூரியில் பாடற்குழு என்பது இன்று நேற்று முளைத்ததன்று. இங்கிலாந்தில் கேம்பிரிட்ஜ் நகரில் ஆறாம் ஹென்றி மன்னர் 1441-இல் நிறுவிய கிங்ஸ் கல்லூரியில் தொடக்க காலத்திலேயே பாடற்குழுவுக்கென்று இடம் ஒதுக்கப்பட்டது. இன்றும் அங்கே சிறுவர்களோடு சேர்ந்து கல்லூரி மாணவர்கள் கீழ்க்குரல்களைப் பாடுகிறார்கள். 1918-இல் அங்கே தொடங்கிய ஒன்பது வாசகங்களும் கீதங்களும் கொண்ட கிறிஸ்து பிறப்பு வழிபாட்டை உலகெங்கும் வானொலியில் கேட்கிறார்கள். அமெரிக்காவில் ஹார்வர்டு மாணவர்கள் 1858-இல் தங்களுக்கென ஒரு பாடற்குழுவைத் தொடங்கினார்கள். நம் நாட்டிலும் பழைய கிறித்தவக் கல்லூரிகள் பலவற்றில் டிசம்பர் மாதக் கீதவழிபாடு ஆண்டுதோறும் நடைபெறுகிறது. அதில் பாடுகிறவர்கள் எல்லாம் கிறித்தவர்கள் என்று நினைத்துவிட வேண்டாம். பாதிப் பேர் பாட்டுக்காகவே வருகிறவர்கள்.

கல்லூரி என்றால் ஒரே குழுதான் என்றும் எண்ண வேண்டாம். பாடற்குழு ஒன்று. திரைப்பாடல்களும் பிற பாடல்களும் பாடும் மெல்லிசைக் குழு வேறொன்று. போட்டிகளில் 'லைட் மியூசிக்' என்பார்கள். கித்தார், டிரம்ஸ், கீபோர்டு என்று நாலைந்து பேர் கூடும் 'பேண்டு' மற்றொன்று. தேசிய மாணவர் படையில் சில இடங்களில் அணிவகுப்பு வாத்தியக் குழு இருக்கும். நாட்டுப்புறக் கலைக் குழுவும் இருக்கும். இந்தக் கடைசிக் குழுவைப் பற்றி ஒரு சொல். பறை என்றால் சாவு வீட்டுக்கு உரியது, குறிப்பிட்ட தெருவார் மட்டுமே தொட வேண்டியது என்று ஒதுக்கி வைத்திருந்த காலம் நம்மில் பலருக்கு நினைவிருக்கும். இன்று கல்லூரி மாணவரும் மாணவியரும் இடுப்பில் துண்டைக் கட்டிக்கொண்டு, எந்தத் தெரு என்று கேளாமல், பெருமையோடு பறையடிக்கிறார்கள். நம் பங்கிலே இன்னும் சில வீடுகளில் அதைக் கேட்டால் முகம் சுளிக்கிறார்கள் என்பது நமக்குத் தெரியும். உங்கள் மகள் பறையைத் தோளில் மாட்டிக்கொண்டு ஊருக்கு வந்தால், பறையைப் பார்த்துக் கதவைச் சாத்தாதீர்கள். அதைக் காய்ச்சித் தட்டச் சொல்லி ஒரு முறை கேளுங்கள்.

இனி, சேருவது எப்படி என்பதற்கு வருவோம். பிள்ளைகள் பயப்படுவது இதற்குத்தான். கல்லூரி திறந்து இரண்டு மூன்று வாரங்களில் அறிவிப்புப் பலகையில் ஒரு தாள் ஒட்டுவார்கள். இப்போது அலைபேசியிலும் செய்தி வந்துவிடுகிறது. இன்ன நாள், இன்ன அறையில் குரல் தேர்வு என்று இருக்கும். 'ஆடிஷன்' என்பது இதுதான். அந்த அறைக்குள் போனால் பியானோவோ கீபோர்டோ இருக்கும். பொறுப்பாசிரியர் ஒருவரும் மூத்த மாணவர் இரண்டு மூன்று பேரும் உட்கார்ந்திருப்பார்கள். ஒரு சுரத்தை அடித்து, அதைத் திருப்பிப் பாடச் சொல்வார்கள். பிறகு மூன்று நான்கு சுரங்களைச் சேர்த்து அடித்துப் பாடச் சொல்வார்கள். கையைத் தட்டி ஒரு தாளத்தைக் காட்டி, அதே போலத் தட்டச் சொல்வார்கள். மேலே எதுவரை, கீழே எதுவரை குரல் போகிறது என்று படிப்படியாகப் பார்ப்பார்கள். கடைசியில், உனக்குப் பிடித்த பாட்டு ஒன்று பாடு என்பார்கள். பத்து நிமிடத்துக்கு மேல் ஆகாது.

இந்தப் பத்து நிமிடத்தில் அவர்கள் எதைத் தேடுகிறார்கள்? உரத்த குரலையா? இல்லை. கோவிலில் ஒலிபெருக்கி இல்லாமலே பின் வரிசை வரை கேட்கும்படி பாடுகிற பையன் கல்லூரியில் தேறாமல் போவதும், பக்கத்தில் நிற்பவருக்கு மட்டுமே கேட்கும் குரலுடைய பெண் தேறிவிடுவதும் உண்டு. அவர்கள் தேடுவது காது. அடித்த சுரத்தை அப்படியே பிடிக்கிறானா, சற்றுக் கீழே இறங்கினால் தானே உணர்ந்து திருத்திக்கொள்கிறானா, சொன்னதைக் கேட்டு மறுமுறை மாற்றிப் பாடுகிறானா என்பதே பார்வை. நாற்பது பேரோடு பாடப் போகிறவன் தன் குரலை மற்றவர் குரலோடு கரைக்கத் தெரிந்தவனாக இருக்க வேண்டும்.

இதில் நம் பங்குப் பிள்ளைகளுக்கு இருக்கும் பலம் என்ன, குறை என்ன என்று வெளிப்படையாகச் சொல்லிவிடுவது நல்லது. பலம் பெரியது. ஞாயிறுதோறும் வருகைப் பாடல், காணிக்கைப் பாடல், திருவிருந்துப் பாடல் என்று பாடிப் பழகியவர்கள். சனிக்கிழமை மாலை கேட்ட புதுப் பாட்டை ஞாயிறு காலை ஆறு மணிக்கு மக்கள் முன் பாடுகிறவர்கள். கூட்டத்தைக் கண்டு நடுங்குவதில்லை. நகரத்தில் இசைப்பள்ளியில் காசு கொடுத்துப் படித்த பிள்ளைகளுக்குக்கூட இந்தத் துணிவு எளிதில் வருவதில்லை.

குறை என்னவென்றால், நம்மிடம் எல்லோரும் ஒரே மெட்டைத்தான் பாடுகிறோம். ஆணும் பெண்ணும் சிறுவனும் ஒரே வழியில் போகிறோம். ஒருவர் தாங்க, ஒருவர் மேலே போக, ஒருவர் நடுவில் நிற்க என்ற பழக்கம் இல்லை. ஒலிவாங்கியை வாயருகே வைத்துப் பழகியதால் பக்கத்தில் இருப்பவரைக் கேட்கும் பழக்கமும் குறைந்துவிட்டது. இன்னொன்றையும் சொன்னால் நம் கீபோர்டு வாசிக்கும் தம்பிகள் கோபித்துக்கொள்ளக் கூடாது. வெள்ளைக் கட்டைகளிலேயே விரலைப் பழக்கிவிட்டு, பாட்டு வேறு சுருதியில் இருந்தால் 'டிரான்ஸ்போஸ்' பொத்தானை அழுத்திவிடுகிறோம். அவசரத்துக்கு அது நல்ல பொத்தான்தான். கல்லூரியில் நிற்கும் மர பியானோவில் அப்பொத்தானைத் தேடினால் கிடைக்காது.

நான்கு குரல்கள் என்று சொன்னோமே, அதைப் பெற்றோரும் தெரிந்துகொள்ள வேண்டும். பெண்களில் உச்சக் குரல் சொப்ரானோ, தாழ்ந்த குரல் ஆல்ட்டோ. ஆண்களில் உயர்ந்த குரல் டெனர், தாழ்ந்த குரல் பேஸ். நம் வழக்கில் சொன்னால், ஆண்கள் பெரும்பாலும் ஒன்று ஒன்றரைக் கட்டையிலும், பெண்கள் ஐந்து, ஐந்தரைக் கட்டையிலும் பாடுகிறார்கள் அல்லவா? ஒரு கட்டை என்பது மேனாட்டார் 'சி' என்று சொல்லும் சுரம். ஐந்து கட்டை என்பது 'ஜி'. தேர்வுக்குப் போகுமுன் தன் சுருதி எது என்று தெரிந்து வைத்திருந்தால் பாதிப் பயம் போய்விடும். தெரியாமல் போய், உச்சத்தில் தொடங்கும் திரைப்பாட்டு ஒன்றை எடுத்து, சரணத்தில் தொண்டை அடைத்து நிற்பவர்களே அதிகம். எளிய பாட்டாக, நடுக்குரலில் நிற்கும் பாட்டாக எடுங்கள். தாய்மொழிப் பாட்டே போதும். ஆங்கிலப் பாட்டுத்தான் பாட வேண்டும் என்பது பலர் தாமே கட்டிக்கொண்ட அச்சம்.

ஒரு பெண் பிள்ளை சென்ற ஆண்டு விடுமுறைக்கு வந்தபோது முகம் வாடி நின்றாள். என்னம்மா என்று கேட்டால், "என்னை ஆல்ட்டோவில் போட்டுவிட்டார்கள், சாமி. நான் இங்கே முதல் பாட்டுக்காரி" என்றாள். இரண்டாம் குரல் என்றதும் இரண்டாம் தரம் என்று எண்ணிவிட்டாள். சொப்ரானோ பாடுவது எளிது. மெட்டு அவர்களிடம் இருக்கிறது, காது தானே இழுத்துக்கொண்டு போகும். மேலே மெட்டு போய்க்கொண்டிருக்க, அதற்கு இழுபடாமல் தன் வழியில் நிற்க வேண்டியது ஆல்ட்டோ. காது தேர்ந்தவர்களை அங்கே போடுவது பல பாடற்குழு ஆசிரியர்களின் வழக்கம். இப்போது அந்தப் பிள்ளையைக் கேட்டால், சொப்ரானோக்களைப் பற்றி இரக்கத்தோடு பேசுகிறாள்.

பையன்களுக்குத் தனியாக ஒரு சொல். பன்னிரண்டு முதல் பதினாறு வயதுக்குள் குரல்வளை வளர்ந்து, குரல் நாண்கள் நீண்டு, குரல் ஏறத்தாழ ஒரு ஸ்தாயி இறங்கிவிடுகிறது. சிறுவயதில் தனிப்பாடல் பாடிப் பரிசு வாங்கியவன் திடீரென்று தன் குரல் தன்னுடையதே இல்லை என்று உணர்கிறான். சிலர் அத்தோடு வாயை மூடிக்கொள்கிறார்கள். நம் பீடச் சிறுவர்களில் எத்தனை நல்ல குரல்கள் அப்படி அடங்கிப்போயின என்று எண்ணினால் மனம் வருந்துகிறது. கல்லூரிக்குப் போகும் பதினேழு பதினெட்டு வயதில் குரல் பெரும்பாலும் நிலைக்குத் திரும்பிவிடும். ஆயினும் முழுமையாகப் பழுக்க இன்னும் சில ஆண்டுகள் ஆகும். எனவே டெனர் என்றோ பேஸ் என்றோ இன்று எழுதிக் கொடுப்பது முடிந்த முடிவன்று. ஆண்பிள்ளைத் தனம் என்று எண்ணி அடித்தொண்டையில் உறுமுவதும் வேண்டாம், உச்சத்துக்குக் கத்துவதும் வேண்டாம். தொண்டை வலித்தால் பாட்டு தவறான இடத்திலிருந்து வருகிறது என்று பொருள்.

அடுத்தது, சுரக்குறிப்பு. முதல் நாள் ஒத்திகையில் ஐந்து கோடும் அதன்மேல் கறுப்புப் புள்ளிகளும் உள்ள தாளைக் கையில் கொடுப்பார்கள். நம் பிள்ளைகள் மிரள்வது அங்கேதான். இது என்னவோ வெள்ளைக்காரப் பிள்ளைகளுக்கு உரியது, நமக்கு வராது என்று இரண்டாம் ஒத்திகைக்கே நின்றுவிடுகிறார்கள். இதன் வரலாறு தெரிந்தால் அப்படி மிரள மாட்டார்கள்.

ஆயிரம் ஆண்டுகளுக்கு முன் இத்தாலியில் அரெட்சோ நகரில் கீதோ என்றொரு துறவி இருந்தார். பாடற்குழுச் சிறுவர்களுக்குப் பாட்டுச் சொல்லிக் கொடுத்தே அவருக்கு வாழ்நாள் போய்க்கொண்டிருந்தது. ஒவ்வொரு பாட்டையும் வாயால் பாடிக் காட்டித்தான் கற்பிக்க வேண்டும். ஆசிரியர் இல்லையென்றால் பாட்டில்லை. சிறுவர்கள் தாளைப் பார்த்துத் தாமே பாட வேண்டும் என்று அவர் வழி தேடினார். திருமுழுக்கு யோவான் திருநாளுக்குரிய இலத்தீன் பாடல் ஒன்றில் முதல் ஆறு அடிகளும் ஒன்றைவிட ஒன்று ஒரு படி உயர்ந்து தொடங்குவதைக் கண்டு, அவற்றின் முதல் அசைகளையே சுரங்களுக்குப் பெயராக வைத்தார். ஊத், ரே, மி, ஃபா, சோல், லா. பின்னாளில் ஊத் என்பது 'தோ' ஆனது. கோடுகளின் மேலும் இடைவெளியிலும் சுரங்களை எழுதும் முறையையும் அவரே செம்மைப்படுத்தினார். ஆக, பாட்டு வாத்தியார் கிடைக்காத பிள்ளைகளுக்காகவே இந்த எழுத்து பிறந்தது. நம் ஊரைப் போன்ற ஊர்களை நினைத்தே செய்ததுபோல் இருக்கிறது!

குருமடத்தில் 1990-களில் நாங்கள் பயின்றபோது கிரகோரியன் பண்களை நான்கு கோட்டுத் தாளில்தான் முதலில் பார்த்தோம். எங்கள் வகுப்பில் முக்கால்வாசிப் பேர் கிராமத்திலிருந்து வந்தவர்கள்; முதல் மாதம் அது எறும்பு ஊர்ந்த தாளாகத்தான் தெரிந்தது. மூன்றாம் மாதம் தடவித் தடவிப் படித்தோம். ஆண்டு முடிவில், கேட்டிராத பாட்டைத் தாளிலிருந்து எடுத்துப் பாடியபோது நாங்கள் அடைந்த மகிழ்ச்சி, முதன்முதலாக எழுத்துக் கூட்டிப் பெயர்ப்பலகை படிக்கும் குழந்தையின் மகிழ்ச்சி. நம் சகோதர சபையினரின் கோவில்களில் பலர் 'டானிக் சோல்ஃபா' முறையில் தோ ரே மி எழுத்துகளைக் கொண்டே நான்கு குரல் பாடுவதைக் கேட்டிருப்பீர்கள். பத்தொன்பதாம் நூற்றாண்டில் ஜான் கர்வன் என்னும் ஆங்கிலேய போதகர் பரப்பிய முறை அது. ஏழை மக்களும் எளிதில் கற்க வேண்டும் என்பதே அவர் நோக்கம்.

அந்நிய இசை நமக்கெதற்கு என்று கேட்பவர்களுக்கும் விடை சொல்ல வேண்டும். கர்நாடகக் கச்சேரியில் வயலின் இல்லாமல் இன்று பாட்டுண்டா? முத்துசாமி தீட்சிதரின் தம்பி பாலுசாமி தீட்சிதர் ஐரோப்பியரிடம் கற்று நம் இசைக்குள் கொண்டுவந்த கருவி அது. முத்துசாமி தீட்சிதரே ஆங்கிலேயர் பேண்டு வாசித்த மெட்டுகளுக்கு வடமொழியில் சாகித்தியம் செய்தார். நோட்டுஸ்வரம் என்று இன்றும் பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுக்கிறார்கள். பண்ணைப்புரத்திலிருந்து சென்னைக்குப் போய், தன்ராஜ் மாஸ்டரிடம் மேனாட்டு இசை கற்ற இளையராஜா, தம் மனத்தில் கேட்ட இசையைச் சுரக்குறிப்பாகவே எழுதி வாத்தியக்காரர் கையில் கொடுப்பவர். 2025 மார்ச் 8-ஆம் நாள் இலண்டனில் அவருடைய சிம்பொனி அரங்கேறியது. அங்கிருந்த கலைஞர்களுக்குத் தமிழ் தெரியாது. தாளில் இருந்த புள்ளிகள் தெரியும்; அது போதுமாயிருந்தது. மறுபக்கம், தஞ்சையில் மருத்துவராயிருந்து 1917-இல் 'கருணாமிர்த சாகரம்' என்னும் பெருநூலை வெளியிட்ட ஆபிரகாம் பண்டிதர் தமிழிசையின் ஆழத்தை உலகுக்குக் காட்டிய கிறித்தவர். வேறொன்றைக் கற்பதால் நம்முடையது குறைந்துவிடாது.

ஒத்திகையைப் பற்றிச் சொல்ல நிறைய உண்டு. முதலில் பென்சில். பேனா வேண்டாம், ஆசிரியர் இன்று ஒன்று சொல்வார், நாளை மாற்றுவார். மூச்சு எங்கே என்று தாளிலேயே குறித்துக்கொள்ள வேண்டும். நீண்ட அடியில் எல்லோரும் ஒரே இடத்தில் மூச்செடுத்தால் பாட்டு அறுந்துவிடும். ஒருவர் எடுக்கும்போது அடுத்தவர் தாங்க வேண்டும். கேட்பவருக்கு நாற்பது பேரும் மூச்சே விடாமல் பாடுவதுபோல் தோன்றும். ஸ்வீடன் நாட்டுக் கோத்தன்பர்க் நகர ஆராய்ச்சியாளர்கள் 2013-இல் வெளியிட்ட ஆய்வு ஒன்றில், சேர்ந்து பாடுவோரின் மூச்சு ஒழுங்கோடு இதயத் துடிப்பின் வேகமும் ஒன்றாக ஏறி இறங்குவதைக் காட்டினார்கள். செபமாலையைச் சேர்ந்து சொல்லும் நம் பாட்டிமாருக்கு இது புதுச் செய்தியாக இராது.

டிசம்பர் நெருங்கினால் ஹாண்டல் இயற்றிய 'மெசியா'விலிருந்து ஒரு பகுதியையாவது சில கல்லூரிகளில் எடுப்பார்கள். 1741-இல் இருபத்து நான்கு நாட்களில் எழுதப்பட்டு, 1742 ஏப்ரல் 13-இல் டப்ளின் நகரில் முதன்முதலாகப் பாடப்பட்டது அது. அவர் எழுத எடுத்துக்கொண்ட நாட்களைவிட நம் பிள்ளைகள் அதில் ஒரு பாட்டைக் கற்க எடுக்கும் நாட்கள் அதிகம். அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை.

சரி, பெற்றோரே, உங்கள் வழக்குக்கு வருகிறோம். படிப்பு கெடுமா? கெடுவதுண்டு. மறைக்க வேண்டியதில்லை. வாரம் இரண்டு மாலை, ஒவ்வொன்றும் ஒன்றரை அல்லது இரண்டு மணி நேரம் என்றால் எந்தப் படிப்பும் கெடாது. அந்த நேரம் விடுதியில் அரட்டையில் போகிற நேரம். ஆனால் பாடற்குழு, மெல்லிசை, பேண்டு என்று மூன்றிலும் பெயர் கொடுத்துவிட்டு, கலைவிழா மாதத்தில் வகுப்புக்கே போகாமல் மேடையைச் சுற்றித் திரிகிறவன் நவம்பர்ப் பருவத் தேர்வில் 'அரியர்' வைப்பான். நூற்றுக்கு எழுபத்தைந்து வருகை வேண்டும் என்பது கல்லூரிகளின் பொது விதி. 'ஓ.டி.' கிடைக்கும் என்று சொல்லி விடுப்பு எடுத்து, அந்தத் தாளில் கையெழுத்து வாங்க மறந்து, தேர்வு நேரத்தில் அலைகிறவர்கள் ஆண்டுதோறும் உண்டு. ஆகவே முதல் ஆண்டில் ஒரே குழு. எது என்று பிள்ளையே தேர்ந்துகொள்ளட்டும். முதல் பருவத் தேர்வு முடிவைப் பார்த்துவிட்டு, மேலே தொடர்வதா என்று வீட்டில் உட்கார்ந்து பேசுங்கள். முடிவு வருமுன்னே தடை போடாதீர்கள். தடை போட்டால் உங்களிடம் சொல்லாமல் போவான். சொல்லாமல் போகிற இடம் பாடற்குழுவாகவே இருக்கும் என்பதற்கு உறுதியில்லை.

பெண் பிள்ளைகளின் பெற்றோருக்கு நேரந்தான் கவலை. ஒத்திகை ஆறு மணிக்கு முடிந்தால் ஊருக்குக் கடைசிப் பேருந்து கிடைக்குமா என்று கேட்கிறீர்கள். நியாயமான கேள்வி. பொறுப்பாசிரியரைப் போய்ப் பாருங்கள். எந்த நாள், எத்தனை மணிக்கு முடியும், நாள்தோறும் வீடு திரும்பும் மாணவியருக்கு என்ன ஏற்பாடு என்று கேளுங்கள். நான்கு பெற்றோர் கேட்டால் ஒத்திகையை மதிய இடைவேளைக்கு மாற்றுகிற கல்லூரிகளும் உண்டு. பையனுக்கு ஆறு மணி பரவாயில்லை, பெண்ணுக்கு நாலரை மணியே அதிகம் என்று வீட்டிலேயே தீர்ப்பெழுதிவிட்டு, பிறகு கேட்கப் போவது முறையாகாது.

பணம்? பாடற்குழுவுக்குத் தொண்டை போதும். கித்தார் வாங்கித் தந்தால்தான் கல்லூரிக்குப் போவேன் என்று அடம் பிடிக்கும் தம்பியிடம், முதலில் கல்லூரியில் இருக்கும் கித்தாரில் ஆறு மாதம் விரல் நோகட்டும் என்று சொல்லுங்கள். மலிவான கித்தாரில் கம்பி பலகையிலிருந்து உயர்ந்து நிற்கும்; அழுத்தி அழுத்தி விரல் புண்ணாகி, பரணில் போட்டுவிடுவான். இலண்டன் டிரினிட்டி கல்லூரியின் எட்டுப் படித் தேர்வுகளை எழுதுவது நல்லதுதான். அது இல்லாமல் பாடற்குழுவில் சேர முடியாது என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம். இசையையே பட்டப் படிப்பாக எடுக்க விரும்புவோருக்குத் திருச்சியில் 1977-இல் தொடங்கப்பெற்ற கலைக்காவிரி போன்ற கல்லூரிகள் உண்டு. அதைப் பற்றித் தனியே வந்து கேளுங்கள்.

மூத்த மாணவர் தொல்லை என்ற அச்சமும் உண்டு. தமிழ்நாட்டில் 1997-லிருந்தே பகடிவதைத் தடைச் சட்டம் இருக்கிறது; பல்கலைக்கழக மானியக் குழு 2009-இல் நாடு முழுவதற்கும் விதிகள் வகுத்தது. பாட்டுச் சொல்லிக் கொடுக்கிறேன் என்று அறைக்கு அழைத்து அவமானப்படுத்தினாலும் அது பகடிவதையே. அன்றைக்கே பொறுப்பாசிரியரிடமும் வீட்டிலும் சொல்லுங்கள். இதைச் சொன்ன கையோடு மறுபக்கத்தையும் சொல்ல வேண்டும். நம் பங்குப் பையன் ஒருவன் சென்னையில் விடுதியில் சேர்ந்து ஆகஸ்டு மாதத்துக்குள் மூன்று முறை பெட்டியைக் கட்டினான். வகுப்பில் ஆங்கிலம் புரியவில்லை; உணவறையில் பக்கத்தில் உட்கார ஆளில்லை. அப்பாவுக்குத் தொலைபேசியில் சொல்ல வாய் வரவில்லை. பாடற்குழுவில் பேஸ் குரலுக்கு ஆள் குறைவு என்று யாரோ இழுத்துப் போனார்கள். அங்கே அவனுக்கு இடப்பக்கம் நின்றவன் மூன்றாம் ஆண்டு மாணவன். நம் சமயத்தவனல்லன், நம் பக்கத்தவனுமல்லன். தாளில் விரலை வைத்து இடம் காட்டிக்கொண்டே வந்தான். ஒத்திகை முடிந்ததும் சாப்பிடக் கூட்டிப்போனான். அவ்வளவுதான் நடந்தது. பெட்டி அவிழ்ந்தது. அந்தப் பையன் இந்த ஏப்ரலில் பட்டம் முடித்திருக்கிறான். பின் வரிசையில் உட்கார்ந்து, யாரென்று தெரியாதவன்போல் சிரித்துக்கொண்டிருக்கிறான்.

தேர்வில் பெயர் வரவில்லையென்றால்? பத்து பேர் போனால் ஆறு பேர் திரும்பத்தான் செய்வார்கள். ஏன் என்று பணிவாகப் போய்க் கேளுங்கள். "சுருதி நிற்கவில்லை" என்று சொன்னால் அது திருத்தக்கூடியது. ஓராண்டு தினமும் பத்து நிமிடம் சுருதிப்பெட்டியோடு ஒரே சுரத்தைப் பிடித்து நின்றால் நிற்கும். "இந்த ஆண்டு சொப்ரானோ நிறைந்துவிட்டது" என்று சொன்னால் அது உங்கள் குறையே அன்று. இரண்டாம் ஆண்டில் சேர்ந்தவர்கள் ஏராளம்.

கடைசியாக நம் வீட்டுக் கதை. கல்லூரிப் பாடற்குழுவில் சேர்ந்த நம் பிள்ளைகள் கிறிஸ்து பிறப்புக்கு ஊருக்கு வருகிறார்கள். வந்ததும் நம் பாட்டுகள் அவர்களுக்கு ருசிப்பதில்லை. நள்ளிரவுப் பூசைக்கு எல்லாப் பாட்டையும் நான்கு குரலில் மாற்றி, முன்னே நின்று பாடுகிறார்கள். அழகாகத்தான் இருக்கிறது. ஆனால் நாற்பது ஆண்டுகளாக அந்தப் பாட்டைப் பாடி வந்த பாட்டிமார் வாயைத் திறக்க இடமில்லாமல் மலங்க விழிக்கிறார்கள். இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1963-இல் வழிபாட்டில் மக்கள் முழுமையாகப் பங்கேற்க வேண்டும் என்றது. 1967-இல் திரு இசை பற்றி வந்த ஏடும், மக்களை முற்றிலும் ஒதுக்கிவிட்டுப் பாடற்குழு மட்டுமே அனைத்தையும் பாடுவது ஏற்கத்தக்கதன்று என்றது. ஆகையால் ஓர் ஒப்பந்தம் செய்துகொள்வோம். காணிக்கைப் பாடலும், நன்றிப் பாடலும் உங்களுடையவை. எத்தனை குரலில் வேண்டுமானாலும் பாடுங்கள், நாங்கள் வாய்மூடிக் கேட்கிறோம். மற்ற பாடல்களில் மெட்டு மக்களுடையது. நீங்கள் அதற்கு அடியில் நின்று ஆல்ட்டோவும் பேஸும் பாடித் தாங்குங்கள். பாடற்குழு அண்ணன்மாரே, நீங்களும் வந்த பிள்ளைகளைப் பார்த்து, "பட்டணத்துப் பாட்டு இங்கே வேண்டாம்" என்று விரட்ட வேண்டாம். ஹார்மோனியப் பெட்டி யார் பாட்டன் சொத்தும் அன்று.

கல்லூரிகள் திறக்க இன்னும் மூன்று வாரம் இருக்கிறது. நாளை திங்கள் முதல் சனி வரை மாலை ஆறு முதல் ஏழு மணி வரை பள்ளிக்கூடத்து நடு அறையில் ஐந்து கோட்டுச் சுரக்குறிப்பு கற்பிக்க, பின் வரிசையில் சிரித்துக்கொண்டிருக்கும் அந்தப் பேஸ் குரல் தம்பி ஒத்துக்கொண்டிருக்கிறான். இவ்வாண்டு கல்லூரிக்குப் போகிறவர்களுக்கு முதல் இடம். பிளஸ் டூ பிள்ளைகளும் வரலாம். நாற்பது பக்க நோட்டு ஒன்று, பென்சில் ஒன்று கொண்டுவர வேண்டும். வாங்க வசதியில்லாதவர் உபதேசியாரிடம் சொன்னால் போதும், யாரும் கேட்க மாட்டார்கள். அறைச் சாவி கன்னியர் மடத்தில் இருக்கிறது. ஐந்தே முக்காலுக்கு ஒருவர் போய் வாங்கி வாருங்கள். தேநீர் ஆறிக்கொண்டிருக்கிறது, எழுந்திருப்போம்.